குட்டை வருகிறது என்றார்

ஐம்பதுகளின் நடுவில், ஓசூரை மதராசோடு வைத்துக்கொள்வதா மைசூருக்குக் கொடுப்பதா என்று கடைத்தெருவில் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், என் வீட்டிலும் ஒரு எல்லைத் தகராறு வந்தது. என்னை ஓசூரிலேயே விட்டுவைப்பதா, தஞ்சாவூர் ஜில்லாவுக்குத் திரும்பக் கொண்டுபோவதா என்பதுதான் வழக்கு.

வாதி என் அப்பா. மன்னார்குடிப் பக்கம் விவசாயம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வேலை காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏறி ஓசூரில் வந்து இறங்கிவிட்டார். மாப்பிள்ளை அந்த வேலைக்கு வந்துவிட வேண்டும், கூடவே நானும். என் கணவர் ஓசூரில் கணக்கு வாத்தியார். அவர், “உங்க மக என்ன சொல்றாளோ அதுதாங்க எனக்கும்” என்று நைசாகக் கழன்றுகொண்டார். ஆக எதிர்க்கட்சி நான் ஒருத்திதான்.

எனக்குப் போக இஷ்டமில்லை. ஊரில் நான் இன்னாருடைய மகள். கடைக்குப் போய் ஒரு முழம் ரிப்பன் வாங்கினால், நான் வீடு வந்து சேருமுன் அந்தச் சேதி வந்து உட்கார்ந்திருக்கும். ஓசூரில் சந்தைக்கு நானே போனேன், நானே பேரம் பேசினேன், ஏமாந்தாலும் நானே ஏமாந்தேன். அந்தக் குளிரும் பிடித்திருந்தது. ஆனால் அம்மா போனபிறகு ஒற்றை ஆளாய் என்னை வளர்த்தவர் அப்பா. அவர் பேச்சைத் தட்டிவிட்டு இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. “சரி, இங்கேயே இரு” என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் குடும்பங்களெல்லாம் சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். சானமாவுக் காடு, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, சூளகிரி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவதாகத் திட்டம். வரமாட்டேன் என்ற அப்பாவை இழுக்காத குறையாக ஏற்றினேன். இந்தச் சீமையைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

வழிகாட்ட ஒருவர் வந்திருந்தார். ராயக்கோட்டைப் பக்கத்துப் புளி வியாபாரி. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். டிரைவருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்று, தானே கட்டிவைத்த மலைகள் மாதிரி ஒவ்வொன்றையும் காட்டினார். சானமாவில் யானை வரும், குழந்தைகளை ஜன்னலோரம் விடாதீர்கள் என்று மூன்று தரம் பயமுறுத்தினார். நாலு எருமை வந்தது.

காடு முடிந்ததும் பாறைதான். நிலத்தைப் பிளந்துகொண்டு பாறை, பாறைமேல் பாறை, உருண்டு விழப்போவதுபோல் நின்று விழாமலே இருக்கும் பாறை. நடுவில் கிடைத்த இடத்தில் கேழ்வரகு. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. அப்பாவோ செத்த வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார்.

“கல்லுல என்னத்த வெளையும்?”

“ராகி வெளையுதுப்பா. அதோ பாருங்க.”

“தண்ணி எங்க? காலையிலேருந்து பாக்குறேன், ஒரு வாய்க்கா இல்ல, ஒரு கொளம் இல்ல. மனுசன் எங்க காலக் கழுவுவான்?”

அப்போதுதான் வழிகாட்டி குரல் கொடுத்தார்.

“இன்னும் ரெண்டு மைல்ல பெரிய குட்ட வருது! அங்கதான் சாப்பாடு!”

என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. “கேட்டீங்களாப்பா? குட்டை வருதாம். பெரிய குட்டை!”

“குட்டையில எங்கூர்ல எரும குளிக்கும்” என்றார் அப்பா. சொன்னாரே தவிர, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டார். தண்ணீர் என்றதும் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. ஓசூருக்கு வந்தபிறகு அந்த முகத்தை நான் பார்க்கவேயில்லை. அப்பாடா, பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தேன்.

பஸ் நின்றது. எல்லோரும் கட்டுச்சோற்று மூட்டையோடு இறங்கினோம். எதிரே மொட்டையாக ஒரு கரும்பாறைக் குன்று. உச்சி வெயில் அதன்மேல் கொதித்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி இரண்டு கையையும் விரித்து, “இதான் குட்ட!” என்றார்.

தெலுங்கில் குன்றுக்கு ‘குட்ட’ என்று பேராம். அவர் அந்த முதல் எழுத்தை, ‘குண்டு’ என்பதில் வருகிற ‘கு’ மாதிரி, கனமாகத்தான் சொல்லியிருப்பார். பஸ் போட்ட இரைச்சலில் அது எந்தக் ‘கு’ என்று யார் கண்டார்கள்? மேலும் எனக்கு அன்று குட்டை வேண்டியிருந்தது, அதனால் குட்டைதான் காதில் விழுந்தது.

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மடித்த துண்டோடு அந்தப் பாறையைப் பார்த்து நின்றார். அந்த நிற்பைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாது. நேரே வழிகாட்டியிடம் போனேன்.

“நீள்ளு எக்கட அய்யா? தண்ணி இல்லாத எடத்துல எறக்கிவிட்டுட்டு ஊட்டா மாடுங்கன்னா எப்பிடி மாடறது?”

தெலுங்கில் தண்ணீர் எங்கே என்று ஆரம்பித்து, தமிழுக்குத் தாவி, கன்னடத்துச் சாப்பாட்டில் போய் முடிந்தது. அவர் விடுவாரா? குன்றைக் குட்ட என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று அவரும் மூன்று பாஷையில் கேட்டார். நான் திருப்பிக் கொடுத்தேன். சந்தையில் கற்றது, பக்கத்து வீட்டில் கற்றது, வசவு உட்பட எல்லாம் வந்தது. கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, குன்றுக்குப் பின்னால் ஒரு தோட்டத்தில் கிணறு இருப்பதாகச் சொன்னார்.

தோட்டத்துக்காரி முதலில், இத்தனை பேருக்கா என்று முகத்தைச் சுளித்தாள். அவளிடமும் பேசினேன். ஐந்தே நிமிஷத்தில் அவளே நீர் இறைத்து ஊற்றினாள், புளியமரத்து நிழலில் இடமும் விட்டாள். அப்பா கைகால் கழுவிக்கொண்டார். தண்ணீர் இனிப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். அதற்குப் பிறகு கிருஷ்ணகிரி வந்தது, சூளகிரி வந்தது. எதைக் காட்டினாலும் ‘ம்’ என்பதோடு சரி. தோற்றுவிட்டேன், நாளைக்கே மூட்டை கட்டவேண்டியதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஓசூர் நெருங்க நெருங்கக் குளிர் காற்று வீசியது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்ட அப்பா, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“மாப்ளகிட்ட அந்த வேலப் பேச்ச இனிமே எடுக்கல. நீ இங்கயே இரு ஆத்தா.”

கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததை நம்பாமல், “ஏம்ப்பா, பாறை புடிச்சிருச்சா?” என்று கிண்டலாகக் கேட்டேன்.

“பாறைய யாரு பாத்தா?” என்றார். “அந்தாளோட நீ சண்ட போட்டியே, நீ என்ன சொல்றன்னு எனக்கு ஒரு வார்த்த வெளங்கல. நீ பொறந்ததுலேருந்து அழுதாலும் எனக்கு வெளங்கும். இன்னிக்கி எல்லாருக்கும் வெளங்குச்சு, எனக்குத்தான் வெளங்கல. ஒன்னக் கூட்டிட்டுப் போயி நான் என்ன ஆத்தா பண்ணப்போறேன்?”

அதெல்லாம் கடைத்தெருப் பேச்சுப்பா, பாஷையே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அவர் மடியில் விழுந்து அழவேண்டும்போல் இருந்தது. பஸ் நிறைய ஆட்கள்.

கொஞ்சதூரம் போனதும் அப்பா கேட்டார். “இங்க பொட்டப்புள்ளய, பெத்த மகள என்னன்னு சொல்லுவாங்க?”

“கன்னடத்துல மகளுன்னு சொல்லுவாங்கப்பா.”

“மகளா?”

“மகளு.”

“மகளு” என்று சொல்லிப் பார்த்தார். ஊர் வந்து பஸ் நிற்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.