அடித்த பிறகு பேசுபவர்

அசோக் நகர் பள்ளியொன்றில் ஆறு பீரியட் கணக்குப் பாடம் கத்திவிட்டு, ஆஸ்டின் தி.நகர் பில்லியர்ட்ஸ் கிளப்புக்கு வந்து மைக்கின் முன் உட்கார்ந்தார். அங்கே நடக்கும் போட்டியின் இலவச நேரலைக்கு அவர்தான் வர்ணனையாளர். ஆட்ட மேசை பக்கத்திலேயே இருந்ததால் ஆட்டக்காரன் காதில் எல்லாம் விழும். அடிக்கும்முன் யோசனை சொல்லக்கூடாது. ஒன்பது வருஷமாக அவர் விழுங்கிய யோசனைகளுக்கு அளவில்லை.

அன்றைய ஆட்டக்காரன் பொன்ராஜ் வேகமாக அடிக்கப்போகிறான், விழக்கூடாத வெள்ளைப் பந்தும் பாக்கெட்டில் விழும் என்று ஆஸ்டினுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தார். விழுந்தது.

“மெதுவா அடிச்சிருக்கணும்,” என்றார் மைக்கில், அலுப்போடு.

நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த பதினேழு பேரில் ஒருவர் கருத்து எழுதினார். வருவதை வாசிப்பதும் வர்ணனையாளர் வேலைதான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

“அடிச்சப்புறம் யார் வேணா சொல்லலாம் சார். முன்னாடி சொல்லத் தெரியுமா?”