ஜெபக்கூடத்தில் என் முறை

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மூத்தவனுக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை, சின்ன குவார்ட்டர்ஸ். 1980களின் தொடக்கத்தில் சித்தூர் மிஷன் முதியோர் இல்லத்தில் நானே கேட்டுச் சேர்ந்தேன்.

அங்கே மாலை ஜெபத்தில் தினம் ஒருத்தி எழுந்து வேதபுத்தகம் வாசிக்க வேண்டும். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுக்கும் கீரை ஆய்வதற்கும் முன்னால் நிற்கிறவள், என் முறை வந்தால் மட்டும் தலைவலி என்று படுத்துக்கொள்வேன்.

மூன்றாவது முறை தப்ப முடியவில்லை. சபையில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வசனங்கள் இருந்தன. மேசைமேல் இருந்த புத்தகங்களில் ஒன்றைப் பிரித்து, விரலை வரிமேல் நகர்த்திக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தேன்.

பக்கத்துக் கட்டில் புத்தூர்க்காரி எட்டிப் பார்த்தாள். "யக்கா, தெலுங்கு புஸ்தகத்த வெச்சிக்கினு எப்டிக்கா தமிழ்ல படிச்ச?"

கூடமே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது.

"சிரிச்சது போதும். எழுத்த சொல்லிக் குடுடி," என்றேன்.

"குடுக்கறேன். நீ தலவலின்னு போய்ப் படுக்காம இரு."

அவளிடம் கற்றுத்தான் இதை எழுதுகிறேன். நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறேனா என்ற பயம் இன்னும் போகவில்லை. பேத்தி, இதைச் சத்தமாகப் படி. ஆயாவுக்காகத் திருத்திப் படிக்காதே. இருப்பதை அப்படியே படி.