பெட்டி சத்தம் போடவில்லை

ஜீவராணி இப்போது லிந்துலை டவுனில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் நிற்கிறாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த இஞ்சினியர் அடையாள அட்டைக்குப் பிரதி எடுத்துக்கொடுப்பதைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டுகிறது. எனக்கு அந்தப் பரிதாபமெல்லாம் கிடையாது. நான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். எனக்கு அவள்மீது கோபம். அதைவிடப் பெரிய கோபம் வேறு சிலர்மீதும் உண்டு.

அவள் அப்பா அழகுமுத்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தார். லயத்துக்கு மேலே மலையில் பத்து வருடமாக ஒரு வெடிப்பு. அதன் இரண்டு பக்கமும் கம்பு நட்டு நடுவில் கயிறு கட்டியிருந்தார். மழை பிடித்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மேலே ஏறுவார். வெடிப்பு அகன்று கயிறு விறைத்திருந்தால் இறங்கி வந்து கதவு கதவாகத் தட்டுவார். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவோம். மூன்று முறை அப்படி ஓடினோம். மூன்று முறையும் மலை இறங்கவில்லை. அதற்காக அவரைக் கேலி செய்தவர்களும், மழை வந்தால் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

படிப்பு முடிந்து ஜீவராணி கொழும்பில் ஒரு கம்பனியில் சேர்ந்தாள். மண்சரிவை அறிவிக்கும் பெட்டி செய்கிற கம்பனி. பெட்டியை மலையில் நட்டால், மண் அசையும்போது கீழே லயத்தில் இருக்கும் சைரனுக்குச் செய்தி அனுப்பும். செய்தி அனுப்புகிற சிப்பை நடத்தும் மென்பொருளை, அவர்கள் பாஷையில் டிரைவரை, எழுதியது இவள்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். அந்த சிப்புக்கு ஒரு கடிகாரம் உண்டு. மணி பார்க்க அல்ல; அதன் துடிப்பு இருந்தால்தான் சிப் வேலை செய்யும். பாட்டரியைத் தின்பதும் அந்தத் துடிப்புதான். ஆகவே வேலையில்லாத நேரத்தில் அதை நிறுத்திவைக்க வேண்டும். கடிகாரம் தேவைப்படும்போது டிரைவர் ஓர் எண்ணில் ஒன்று கூட்டும், தேவை முடிந்ததும் ஒன்று கழிக்கும். பூஜ்ஜியத்துக்கு வந்தால் கடிகாரம் நின்றுவிடும்.

பிழை ஒரு மூலையில் கிடந்தது. சிக்னல் கிடைக்காமல் ஒரு செய்தி தவறினால், டிரைவர் ஒன்றுக்கு இரண்டாகக் கழித்துவிடும். எண் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். அடுத்த தடவை ஒன்று கூட்டினாலும் பூஜ்ஜியம்தான், கடிகாரம் ஓடாது. பெட்டி பிறகு எழும்பவே எழும்பாது. கொழும்பில் மேசைமேல் வைத்துச் சோதித்தபோது இது தெரியவில்லை. சோதனைக்காக மாட்டியிருந்த கம்பி கடிகாரத்தை நிற்கவிடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது. ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒழுங்காக இருந்துவிட்டு, தனியே விட்டதும் புத்தியைக் காட்டுகிற சாமான் அது.

முதல் பெட்டியை எங்கள் மலையில்தான் நட்டார்கள். அழகுமுத்துவுக்கு மாலை போட்டு ரிப்பன் வெட்டவைத்தார்கள். "எம் மவ செஞ்ச பெட்டிங்க" என்று தோட்டத்துத் துரையிடமே போய்ச் சொன்னார். மறுநாள் மேலே ஏறி, கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து, ஜீவராணி தற்செயலாகக் கம்பியைக் கழற்றிவிட்டுச் சோதித்தபோது பிழையைக் கண்டுபிடித்தாள். ஒரே வரியில் திருத்தினாள். ஆனால் திருத்தியதை ஏற்ற, ஒருவர் மலைக்கு வந்து பெட்டியைத் திறக்க வேண்டும். மேலதிகாரி நிரோஷன் சம்மதிக்கவில்லை.

"இப்ப போய்த் திறந்தா நம்ம பெட்டியில பிழைன்னு நாமளே சொன்ன மாதிரி. வருஷக் கடைசியில பார்ப்போம்."

"ஒரு நாளைக்கு ஒருதரமாவது 'இருக்கேன்'னு அது செய்தி அனுப்பணும்னு அப்பவே சொன்னேனே சார். அனுப்பியிருந்தா, நின்னுபோனது நமக்குத் தெரியும்."

"அனுப்பினா பாட்டரி நாலு மாசத்துல முடிஞ்சிரும். ஒரு வருஷம் நிக்கும்னு சொல்லி வித்தாச்சு."

அவன் அப்படித்தான். ஆனால் இவள்? வாரத்தில் நாலு நாள் அப்பாவோடு போனில் பேசினாள். சாப்பிட்டீங்களா, இருமல் எப்படி என்று எல்லாம் கேட்டாள். பெட்டியை நம்பாதீங்க என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "அப்பா அவ்வளவு பெருமையா இருந்தாங்க. தீவாளி லீவுக்கு வந்து நானே சத்தமில்லாம ஏத்திட்டுப் போயிரலாம்னு நெனச்சேன்" என்றாள்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மழை பிடித்தது. இரண்டாம் நாள் மலையில் வேலை இல்லை, சனம் முழுக்க லயத்தில். காலை பதினொரு மணிக்கே பள்ளிக்கூடத்தைத் திறந்து, பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்துவைத்தேன். ஒருவரும் வரவில்லை. நனைந்துகொண்டு லயத்துக்குப் போனேன். பக்கத்துக் காம்பரா ஷாமிலா, புருஷன் கொழும்பில் வேலைக்குப் போயிருக்க, கைக்குழந்தையோடு நின்று அழகுமுத்துவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, போயிரலாமா?"

"பெட்டி சத்தம் போடலையே புள்ள. போட்டா போவோம். நான்தான் மூணுதரம் ஒங்கள வீணா அலைய வச்சேன். அது அப்படிச் செய்யாது."

நானும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இரண்டரை மணிக்கு மலை இறங்கியது. ஐந்து காம்பரா, பதினொரு உயிர். அழகுமுத்துவை மூன்றாம் நாள் எடுத்தோம். ஷாமிலாவையும் பிள்ளையையும் ஒன்றாகவே எடுத்தோம், பிரிக்க முடியவில்லை.

பெட்டியைக் கம்பனி ஆட்களே வந்து தோண்டி எடுத்துப் போனார்கள். நட்ட பத்தாம் நாளே மண் லேசாக அசைந்ததும் அது அனுப்பிய ஒரு செய்தி சிக்னல் கிடைக்காமல் தவறி, அன்றிலிருந்து தூங்கியிருக்கிறது.

கருமாதி முடிந்து ஜீவராணி வேலைக்குப் போன அன்று அங்கே ஒரு கூட்டம். நிரோஷன் அனுதாபம் சொன்னான். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். உட்கார்ந்ததும் அவன் திரையில் அடுத்த படத்தைப் போட்டான். மண் அப்பிய பெட்டி.

"இத்தனை மாசத்துக்குப் பிறகும், மண்ணுக்குள்ள கிடந்தும், பாட்டரி நூத்துக்குத் தொண்ணூத்தொரு வீதம் இருக்கு. இதை நாம விளம்பரத்துலயே போடலாம்."

இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். ஜீவராணி எழுந்தாள்.

"எழும்பியிருந்தா கொறஞ்சிருக்கும் சார்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஊர்ப்பக்கம் வரும் ஹட்டன் பஸ் ஏறியவள்தான், திரும்பிப் போகவில்லை.

லயத்தில் மிச்சமிருக்கும் காம்பராக்களில் இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள். வேறு இடம் கொடுத்தால்தானே போவதற்கு. மேலே புதிதாக ஒரு வெடிப்பு. மழை பிடித்தால் ஜீவராணி கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, தான் கம்பு நட்டுக் கயிறு கட்டிய இடத்துக்கு ஏறிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள். எல்லோரும் திறக்கிறார்கள். இப்போது அங்கே ஒரு காம்பராவில் தனியாக இருக்கும் ஷாமிலாவின் புருஷன் மட்டும் திறப்பதில்லை.