சென்னை வழியாக எதிர் வீட்டுக்கு

வில்லியனூரில் நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் கம்பெனிக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொரு இன்டர்நெட் கம்பெனி இருக்கிறது. அதன் மாடியில்தான் அந்த முதலாளியின் வீடு. எங்கள் முதலாளியின் ஒரே மகள் அந்த வீட்டுப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து மனுஷன் அந்தத் திசையில் திரும்பிக்கூடப் படுப்பதில்லை.

பேரன் பிறந்தான். போய்ப் பார்க்க வீம்பு விடவில்லை. முதலாளியம்மாவையும் போக விடவில்லை. அந்தம்மா எங்கள் ஆபீசில் உட்கார்ந்து மகளோடு வீடியோ காலில் பேசும்போது மட்டும், ஏதோ தேடுகிற மாதிரி பின்னால் வந்து எட்டிப் பார்ப்பார். சாயந்திரமானால் படம் உறைந்துவிடும். பேரன் வாயைத் திறந்தபடியே நிற்பான். "இன்னாம்மா இது, நீ இன்னா படிச்ச?" என்று என்மேல் எரிந்து விழுவார்.

படித்ததைச் சொன்னேன். ஒவ்வொரு கம்பெனியும், இன்னின்ன இன்டர்நெட் முகவரி என்னிடம் இருக்கிறது, அதற்கு வருவதையெல்லாம் எனக்கு அனுப்பு என்று தன்னோடு இணைந்த கம்பெனிகளிடம் அறிவிக்கும். அதை வைத்துத்தான் ரூட்டர் வழி தேடும். நாமும் உங்கள் சம்பந்தியும் சென்னையிலிருக்கும் பெரிய கம்பெனிகளிடம் மட்டும் அறிவிக்கிறோம். நமக்குள் மூச்சு விடுவதில்லை. அதனால் உங்கள் பேரன் சிரித்தால் அந்தச் சிரிப்பு சென்னைக்குப் போய், நெரிசலில் நசுங்கி, திரும்பி இங்கே வருகிறது. ரோட்டுக்கு மேலே ஒரு கேபிள் இழுத்து, அவரவர் வாடிக்கையாளர்களின் முகவரிகளை மற்றவருக்கு அறிவித்தால் தீர்ந்தது.

அவன் வந்து கேட்கட்டும் என்றார் முதலாளி. எதிர் கம்பெனி இன்ஜினியரிடம் விசாரித்தேன். அவன் முதலாளியும் அச்சு அசல் அதையே சொன்னாராம். தலையில் அடித்துக்கொண்டேன். ஊரையே உலகத்தோடு இணைக்கிறோம் என்று போர்டு மாட்டியிருக்கிற பெரிய மனுஷர்கள் இவர்கள்!

ஒருநாள் திண்டிவனம் பக்கம் ரோடு தோண்டினவன் சென்னைக்குப் போகும் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்டான். ரெண்டு கம்பெனிக்கும் லைன் போச்சு. போனிலிருந்து பேரன் மறைந்தான். எதிர் மாடியிலிருந்து அவன் அழுகிற சத்தம் மட்டும் நேராகக் கேட்டது. லைன் எப்போ வரும் என்று முதலாளி என்னைத் துளைத்தெடுத்தார். முதலாளியம்மா போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். ஒரு டவுன் பஸ் போகும்வரை நின்று, ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

போனவர் அன்று திரும்பவில்லை. மறுநாள் முதலாளி என் மேஜைக்கு வந்து, கேபிளை இழு, யாராவது கேட்டால் டெக்னிக்கல் காரணம் என்று சொல் என்றார். எதிர்ப்பக்கமும் அதே காரணத்தைச் சொல்லி ஒத்துக்கொண்டது.

இப்போது படம் சாயந்திரத்திலும் பளிச்சென்று தெரிகிறது. முதலாளியம்மா இன்னும் மகள் வீட்டில்தான் இருக்கிறார். நேற்று வீடியோ காலில் பேரனைத் தூக்கிக் காட்டி, "ஒருவாட்டி வந்து தூக்குங்களேன்" என்றார்.

மனுஷன் என் பக்கம் திரும்பினார். "வாய்ஸ் சரியா வரல, இன்னான்னு பாரும்மா."

லைனில் ஒரு குறையும் இல்லை சார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.