வாகை மரமும் அவர் விட்ட மூச்சும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும், சொல்ல வந்ததில் பாதி மறந்தும் போகும். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள் இப்படி எழுத உட்கார்ந்தது எங்கள் வாசலில் இருந்த வாகை மரத்துக்காகத்தான். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் என் வீட்டுக்காரர் வைத்தது. நந்திதுர்க் பக்கம் தங்கச் சுரங்கத்தில் அவருக்குக் கட்டை வேலை. பாறையைக் குடைந்து போகப் போக, மேலே சரியாமல் இருக்கக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். காட்டு மரம் வண்டி வண்டியாக வரும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்குவார்கள். போன கட்டை திரும்பி மேலே வராது.

"எவ்ளோ காட்ட பூமிக்குள்ள நட்டுட்டு வந்துகீறேன் தெரியுமாமே? மேல ஒண்ணாவது நட வேணாமா?" என்று சொல்லி, ஒரு மழை நாளில் அந்தக் கன்றை எங்கள் கம்பெனி லைன் வீட்டு வாசலில் வைத்தார்.

சுரங்கம் மூடியபோதே அவர் நெஞ்சில் கல்தூசி அடைத்திருந்தது. பிறகு இருந்த வருஷமெல்லாம் அந்த மரத்தடி நாற்காலிதான் அவருக்கு. தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று தூசியை வாரிக்கொண்டு வருகிற மாதங்களில்கூட உள்ளே வரமாட்டார். மூச்சை இழுத்து விடுகிற சத்தம் அடுப்பண்டை இருக்கிற எனக்குக் கேட்கும். கேட்டால்தான் எனக்கும் நிம்மதி.

சாயங்காலம் எழுந்து வரும்போது கைத்தடியால் மரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். கீழே ஷிப்டு தொடங்கும் முன்னால் பாறையையும் கட்டையையும் கம்பியால் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே போவார்களாம். கணீரென்றால் கெட்டி, பொத்தென்றால் ஆபத்து. அந்தப் பழக்கம் போகவில்லை. "கெட்டியா கீது" என்று மரத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அவர் போன பிறகும், பொழுது சாய்ந்தால் என் காது அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தது.

போன மழைக்கு மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. வேர் தூக்கி, சுவரில் கை நுழைகிற விரிசல். என் மகன் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டி வருகிறவன்.

"மேல வுழுந்தா நீ இருக்கமாட்டம்மா. செங்கல் சூளைக்காரன் கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழம வந்து அறுத்து எடுத்துகினு போயிடுவான்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் கல்லூரி டீச்சரம்மா ஒருத்தர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சயனைடு மேட்டு ஓரத்தில் ஒரு இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே வந்த மண்ணைப் பையில் போட்டுக்கொண்டே எங்கள் லைன் வரைக்கும் வந்துவிட்டார். குழாயைப் பார்த்ததும் எங்கள் ஜனத்துக்கு வேறு என்ன தோன்றும்? மைன்ஸ் திறக்கப் போகிறார்கள் என்று தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர், கேஜ் ஏற்றி இறக்குகிற இஞ்சின் ஓட்டினவர், முன்னால் வந்து நின்றார்.

"இன்னா மேடம், எவ்ளோ ஆழத்துல கீது?"

"எதுங்க?"

"சும்மா நடிக்காதீங்க. எங்களுக்கே காட்ட மாட்டீங்களா?"

பின்னாலிருந்து ஒருத்தி, "எம்மவன் டிப்ளமா படிச்சுகீறான், அவன் பேர மொதல்ல எழுதிக்கோங்கம்மா" என்றாள்.

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, தங்கம் இல்லீங்க. மண்ணுல கார்பன் எவ்ளோ இருக்குன்னு பாக்கறேன். கரின்னு வெச்சுக்குங்க."

"கரியா! தங்கம் எடுத்த ஊர்ல வந்து கரி தேடறாங்களாம்ப்பா!" என்றார் பெரியவர். தெரு சிரித்துக்கொண்டே கலைந்தது. பெரியவர் மட்டும் போகவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். டீச்சரம்மா வாகை மரத்தடியில் உட்கார்ந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

நாம் விடுகிற மூச்சிலும், எரிகிற அடுப்புப் புகையிலும் அந்தக் கரி இருக்கிறதாம். இலை அதைக் காற்றிலிருந்து வாங்கிக் கட்டையாக்கி வைத்துக்கொள்கிறதாம். ஊருக்கு ஊர் அது தங்குகிற இடம்தான் வேறயாம். விடாமல் மழை பெய்கிற வெப்பக் காட்டில் பெரும்பங்கு மரத்திலேயே நிற்கும். இலை விழுந்த சூட்டில் மக்கி மறுபடி காற்றுக்குப் போய்விடும். பனி நாட்டில் மரத்தைவிட மண்ணில்தான் அதிகம். உதிர்ந்தது மக்காமல் குளிரில் அப்படியே கிடக்கும். "ஃப்ரிட்ஜ்ல வெச்ச மாதிரி. பனி உருகிச்சுன்னா கரண்ட் போன ஃப்ரிட்ஜ்தான்" என்றார். புல்வெளியில் மேலே இருப்பதை மாடு மேயும், தீ தின்னும். மீதியெல்லாம் கீழே வேரிலும் மண்ணிலும்.

"அப்ப நம்மூரு மாதிரி. மேல ஒண்ணுமில்ல, எல்லாம் கீழதான்" என்றார் பெரியவர்.

"அந்த சயனைடு மேட்டு மண்ணுல?" என்று அவரே கேட்டார்.

"அதுல பேருக்குத்தான் இருக்கும் ஐயா. இலையே விழாத இடத்துல எங்கேருந்து வரும்?"

"கீழ நாங்க வுட்டுட்டு வந்த கட்டைங்க? இப்ப ஷாப்டு குழியெல்லாம் தண்ணி நின்னுகினு கீதே."

"காத்துப் படாம தண்ணிக்குள்ள இருந்தா மக்கறது ரொம்ப மெதுவாங்க. இன்னும் நின்னுட்டுதான் இருக்கும்."

பெரியவர் அதைக் கேட்டு எழுந்து போனார். நான் அந்த இருட்டுத் தண்ணீருக்குள் என் வீட்டுக்காரர் நிறுத்தின கட்டைகளை நினைத்துக்கொண்டேன். அவற்றைத் தட்டிப் பார்க்க ஆள் இல்லை.

யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டேன். "ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே? எங்க வூட்டுக்காரரு இதோ இங்கதான் தெனம் உக்காந்து மூச்சு வுட்டாரு. அந்த மூச்சு இந்த மரத்துக்குள்ள கீதா?"

அவர் சிரிக்கவில்லை. மேலே கிளையைப் பார்த்தார். "காத்து ஒரு எடத்துல நிக்காதும்மா. அவர் விட்டது கலந்து எங்கெங்கயோ போயிருக்கும், கடலத் தாண்டிக்கூடப் போயிருக்கும்." என் முகம் வாடியிருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா அத்தன வருஷம் இங்கயேதான விட்டார். துளியாவது இந்த இலை வாங்கியிருக்கும். இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது."

"அறுத்துட்டா?"

"எரிச்சா அன்னிக்கே எல்லாம் காத்துக்குத் திரும்பிடும். பலகையா வெச்சா, பலகை இருக்கற வரைக்கும் உள்ளயே இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ரம்பத்தோடு ஆள் வந்தான். வேடிக்கை பார்க்கத் தெருவும் வந்தது. நான் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த அவருடைய கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"தூசிம்மா, உள்ள போ" என்றான் மகன்.

நான் மரத்தை ஒரு தட்டுத் தட்டினேன். என்ன சத்தம் வந்தது என்று எனக்குக் காதிலேயே விழவில்லை.

"சூளைக்கு வேணாம்டா."

"இன்னா?"

"எரிக்க வேணாம். எனக்குப் பலகை வேணும்."

"பலகைய வெச்சுகினு இன்னா பண்ணப் போற?"

"படுத்துப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர், "டேய், இத்தினி வருசத்துல உங்கம்மா தெருவுல பேசி இப்பதான்டா கேக்கறேன். குடுத்துட்றா!" என்றார். மகன் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தடியைப் பார்த்தான். அறுக்க வந்தவன் மரத்தைச் சுற்றித் தட்டிப் பார்த்து, "அடி பொக்குண்ணா. மேல நல்லா கீது, கட்டிலுக்குப் பலகை வரும்" என்றான். மகன் போனை எடுத்துச் சூளைக்காரனிடம் மரம் வராது என்று சொன்னான்.

சுள்ளிகள் வெந்நீர் அடுப்புக்கு வந்தன. முதல் தடவை பற்றவைத்தபோது புகை முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் வழிந்தும் நான் நகரவில்லை. அடி வேர் மண்ணிலேயே இருக்கிறது. கறையான் போக மிச்சம் மண்ணாகும் என்றாராம் டீச்சரம்மா, மகன் போனில் கேட்டபோது.

இப்போது அந்தப் பலகையில்தான் படுக்கிறேன். முதுகு வலிக்கிறது, இறங்க மனமில்லை. சாயங்காலம் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவேன். பதில் சொல்ல ஆள் இல்லாததால் நானே "கெட்டியா கீது" என்று சொல்லிக்கொள்வேன்.

பனி நாடு, புல்வெளி என்று நான் எழுதியதெல்லாம் ஒரு தடவை காதால் கேட்டது. மாற்றி எழுதியிருப்பேன். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அந்தத் துளி மூச்சு விஷயத்தையும் பாருங்கள். அது மட்டும் தப்பென்றால், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.