லலிதா அக்கா வாங்கிய மஞ்சள் பெயிண்ட்

மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியின் வாசனை... எங்காவது மூக்கில் ஏறினால் போதும், நான் பாறசாலை ஷெட்டுக்குப் போய்விடுவேன்.

என் முதல் வேலை அங்கேதான். லலிதா அக்காவின் கம்பெனி. கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்குகளில் பாரம் தூக்கும் கம்பிவடம், கொக்கி, சங்கிலி எல்லாம் லாரியில் எங்களிடம் வரும். துடைத்து, பாரம் ஏற்றிச் சோதித்து, நல்லதென்றால் பெயிண்ட் அடித்து அனுப்புவோம். கெட்டதை அங்கேயே இரண்டாக வெட்டிப் போடுவோம்.

போர்டில் ‘ஆயில்ஃபீல்ட் சர்வீசஸ்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். எதிர் டீக்கடைக்காரருக்கோ நாங்கள் கடைசிவரை ‘வடம் தொடைக்கிற கம்பெனி’தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்!

பெயிண்ட் மூன்று மாதத்துக்கு ஒரு நிறம். பச்சை முடிந்து மஞ்சள் தொடங்கிவிட்டால், பச்சை அடித்த வடத்தை ரிக்கில் யாரும் தொடக்கூடாது. மறுபடி சோதனைக்கு வர வேண்டும். அதனால் அடுத்த நிறத்து டின்னை அக்கா முன்கூட்டியே வாங்கி ஆபீஸ் ஜன்னலில் வைத்துவிடுவார்.

எங்களுக்கு பிசினஸ் அவுட்லுக், தொழில் இனி எப்படி என்ற கணிப்பு, எல்லாம் அந்த டின்தான். டின் வந்துவிட்டால் இன்னும் மூன்று மாதம் சோறு உண்டு.

அப்புறம் எண்ணெய் விலை விழுந்தது. ரிக்குகளைக் கரையில் கட்டிப்போட்டார்கள். லாரி வரவில்லை. பச்சைக் காலம் முடியப்போகிறது... ஜன்னல் காலி.

வீட்டில் அப்பா படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு எங்கள் ஊர் காரோட்டைத் தாண்டி நான் எங்கும் போக முடியாது. ஷெட்டை மூடினால் என் கதி அவ்வளவுதான்.

வடம் சோதிக்கும் வின்சென்ட் அண்ணன் பூவார்க்காரர். பெயிண்ட் கடையிலேயே போய் விசாரித்துவிட்டு வந்தார். அக்கா அந்தப் பக்கமே வரவில்லையாம்.

“மக்கா, அக்கா ஷெட்ட விக்கப் போறாவ. பூவார்ல ஒரு ரிசார்ட்டு மொதலாளிகிட்ட நின்னு பேசிட்டு இருந்தாவ. நான் கண்ணால கண்டதாக்கும்.”

அக்காவும் அந்த நாட்களில் காலையிலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கே என்று சொல்ல மாட்டார். எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை. ஷெட் எழவு வீடு மாதிரி கிடந்தது.

ஒரு காலை... ஸ்கூட்டர் வந்து நின்றது. கால் வைக்கும் இடத்தில் மஞ்சள் டின்!

“எலே வின்சென்டு, பெயிண்டு கடையில போயி எனக்க காரியம் வெசாரிச்சியாமே? எனக்கிட்ட கேட்டா வாயில இருக்க முத்து உதிர்ந்திருமா?”

வின்சென்ட் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“ஷெட்ட வித்துட்டு நான் எங்கல போவ? பூவார் ரிசார்ட்டுல வள்ளம் தூக்குத கிரேனு உண்டு. காஞ்சிரங்குளத்துல ஐஸ் கம்பெனில ஐஸு தூக்குத சங்கிலி உண்டு. எல்லாம் பேசி முடிச்சாச்சு. நாளைக்கு சாமான் வரும். போயி துணிய நனைங்கல!”

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அதைவிட நான் மலைத்துப் போனது மறுவாரம். ரிசார்ட்காரரின் சங்கிலியில் ஒரு கண்ணி விரிந்திருந்தது. புது வாடிக்கையாளர், கையில் பெரிய வேலையும் இல்லை... அக்கா கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று பார்த்தேன். அக்கா கண் ஜாடை காட்ட, வின்சென்ட் அண்ணன் ரிசார்ட்காரரின் கண் முன்னாலேயே சங்கிலியை வெட்டிப் போட்டார்.

“சேச்சி, எந்தா ஈ காணிக்குன்னெ?” என்ன காரியம் செய்கிறீர்கள் என்று அந்த மனிதர் மலையாளத்தில் குதித்தார்.

ரிக்குக்கு ஒரு கணக்கு, உங்களுக்கு ஒரு கணக்கு என்று எங்களிடம் கிடையாது என்று அக்கா மலையாளத்தில் அமைதியாகச் சொன்னார். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அடுத்த நிறத்துக்கும் அவர்தான் முதலில் வந்தார்! ரிக்குகள் திரும்ப ஓடும்வரை படகும் ஐஸும்தான் எங்களுக்குச் சோறு போட்டன. ஒருவரைக்கூட அக்கா வீட்டுக்கு அனுப்பவில்லை. என்ன மனுஷி!

அப்பா போன பிறகு நான் வளைகுடா வந்தேன். இதுவும் ஆயில்ஃபீல்ட் சர்வீஸ் கம்பெனிதான், ஆனால் கண்ணாடிக் கட்டிடம். போன வாரம் பெரிய திரையில் அவுட்லுக் போட்டுக் காட்டினார்கள். அம்புக்குறி மேலே போனது, கீழே வந்தது. ‘எச்சரிக்கையோடு நம்பிக்கை’ என்றார்கள். எனக்கு வேலை இருக்குமா என்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்து அக்காவுக்கு போன் போட்டேன்.

“அக்கா... அடுத்த கலர் வாங்கியாச்சா?”

“சிவப்பு. ஜன்னல்லதான் இருக்கு. எதுக்கு கேக்க மக்கா... அங்க ஆளக் குறைக்கானுவளா?”

திரும்பி அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தைப் பார்த்தேன்.

“செரி செரி. இஞ்ச ஒரு பிரஷ்ஷு சும்மாதான் கெடக்கு, கேட்டியா.”