சருகில் விழுந்த முட்டைகள்

அவனை எல்லோரும் சுரண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். மரங்கள் இலை உதிர்த்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய், அடிமரத்திலும் கிளையிலும் அப்பியிருக்கும் அந்துப்பூச்சி முட்டைகளைச் சுரண்டி எடுப்பது அவன் பிழைப்பு. தாய்ப்பூச்சி தன் வயிற்று மயிரை உதிர்த்து முட்டைகளுக்குப் போர்த்திவிட்டுச் செத்துப்போகும். அந்த மயிர்தான் எமன். தோலில் பட்டால் தடிப்பு, மூச்சில் போனால் இருமல், கண்ணில் ஏறினால் பார்வைக்கே உலை. ஈரத்துணியை முகத்தில் இறுகக் கட்டி, காற்றுக்கு முதுகு காட்டி நின்றுதான் கத்தியை வைக்க வேண்டும்.

சுரண்டியதைத் தகர டப்பாவில் பிடித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது வழக்கம். அந்த வருஷம் வேலைக்கு மேற்பார்வையாளராக வந்தவர் அவனுடைய அக்கா புருஷன். மரக்கிடங்கில் ஆட்களை விரட்டியே பழகியவர். பூச்சியைப் பற்றி ஒரு இழவும் தெரியாது.

“டப்பாவைத் தூக்கிட்டு ஏறி எறங்கினா என்னிக்கு மாப்ள முடிக்கிறது? சுரண்டு, கீழ விடு. குளிருல தானா செத்துடும்” என்றார்.

“எரிக்காம விட்டா சரியா வருமா மாமா?”

“சொன்னதைச் செய்டா.”

சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்திருந்த அக்கா பக்கத்தில்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

அந்தக் குளிர்காலம் மரத்தையே பிளக்கும் குளிராக இருந்தது. வெயில் திரும்பியதும் காடு முழுக்கப் புழு. துளிர்த்த இலையெல்லாம் சல்லடையாகி, பிறகு நரம்பாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. மரத்தடியில் நின்றால் புழுக்களின் எச்சம் தூறல் மாதிரி சடசடவென்று விழுந்தது.

காட்டு அதிகாரி வந்தார். சருகைக் கிளறிப் பார்த்துவிட்டு, கிடங்கு முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்.

“மரத்துலயே விட்டிருந்தாக்கூட இந்தக் குளிருக்கு முக்காவாசி செத்திருக்கும். மிச்சத்தைக் குருவியும் குளவியும் பார்த்துக்கிட்டிருக்கும். சருகுக்கு அடியில, பனி மூடாக்குக்கு அடியில குளிர் படாம படுக்கப் போட்டு காப்பாத்தியிருக்கீங்க. யார் வேலை இது?”

மேற்பார்வையாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மச்சினனின் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்து, பளாரென்று அறைந்தார். “எரிக்கச் சொன்னேன் சார். ஏமாத்திட்டான்.”

சுரண்டி அக்காவைப் பார்த்தான். “நீ அங்கதானே நின்ன? சொல்லுக்கா.”

அவள் முந்தானையைத் திருகினாள். “சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான் சார். உடம்பு வணங்காது.”

வேலை போனது, வேலையோடு அவன் தங்கியிருந்த கிடங்கு அறையும் போனது. அக்கா வீட்டு விறகுக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். தட்டில் சோறு வைக்கும்போது அவள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒருநாள் மட்டும், “அவருக்கு வேலை போச்சுன்னா புள்ளைங்க நடுத்தெருவுலதான் நிக்கணும். நான் வேற என்னடா பண்றது?” என்றாள். அவன் தின்று முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான்.

அடுத்த இலையுதிர்வில் முட்டை மரத்துக்கு மரம் அடைஅடையாக இருந்தது. ஒரு ஆளும் வேலைக்கு வரவில்லை. குளிருக்குள் எல்லாவற்றையும் சுரண்டி முடிப்பதாக அதிகாரிக்கு மேற்பார்வையாளர் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். “வா மாப்ள, பழசை மனசுல வெச்சுக்காதே” என்று மச்சினனை அழைத்தார். ஆள் போதாமல், பொண்டாட்டி கையிலும் ஒரு கத்தியைத் திணித்து அனுப்பினார்.

அக்கா அந்த வேலை செய்ததே இல்லை. துணி கட்டவில்லை. காற்று வரும் திசைக்கு நேரே முகம் கொடுத்து நின்று, அண்ணாந்து சுரண்டினாள். மஞ்சள் மயிர்த்தூசி அவள் முகத்தில் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்து மரத்து ஏணியிலிருந்து சுரண்டி அதைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். தன் முகத்துத் துணியை இன்னொரு முடிச்சு இறுக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் அவள் கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. புருஷன் எட்டிப் பார்த்து, “கண்டதையும் தேய்ச்சிருப்பா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

சுரண்டிதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனான். டாக்டர் வலது கண் தேறிவிடும் என்றார். இடது கண்ணைப் பற்றி அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

கட்டுப் போட்ட முகத்தோடு பெஞ்சில் இருந்தவள் அவன் சட்டையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள். “நீ இல்லாட்டி எனக்கு யாருடா இருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்லக்கா. ரெண்டும் சரியாயிடுமாம்” என்றான்.